ஃபோக்போட்டில் வங்கு உடைந்தால்: பக்கத்தில் சேர்ப்பதா, ஆவியில் வளைப்பதா, அடுக்கி ஒட்டுவதா?

பழைய மரப் பாய்மரப் படகு ஒன்றை விலை பேசப் போகிறீர்கள் என்றால், வார்னிஷ் பளபளப்பில் மயங்கி நிற்காமல் உள்தளப் பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். படகின் பக்கச்சுவர் அடிப்பக்கமாகத் திரும்பும் இடத்தில், பலகைகளை உள்ளிருந்து தாங்கும் வளைந்த கட்டைகளில், அதாவது வங்குகளில், குறுக்கே மயிரிழையாய் ஒரு விரிசல் தெரியலாம். பெரும்பாலும் ஒன்றோடு நிற்காது. பக்கத்துப் பக்கத்து வங்குகளில் ஒரே மட்டத்தில் வரிசையாக ஓடும்.

பேச்சுக்கு நார்டிக் ஃபோக்போட் என்ற பாய்மரப் படகை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடனில் நடந்த வடிவமைப்புப் போட்டியில் எந்த வரைபடமும் முழுதாகத் தேறவில்லை. அவற்றின் நல்ல அம்சங்களைச் சேர்த்து டோர்ட் சுண்டேன் வரைந்து கொடுக்க, 1942-இல் முதல் படகு தண்ணீரில் இறங்கியது. நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.20 மீட்டர், எடை சுமார் 1,930 கிலோ. அந்த எடையில் பாதிக்கு மேல் அடியில் தொங்கும் வார்ப்பிரும்பு. சின்னப் படகுதான், ஆனால் சாமானியமானதல்ல. இதை மாற்றிக் கட்டிய 'ஜெஸ்டர்' படகில்தான் பிளண்டி ஹாஸ்லர் 1960-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்து இரண்டாவதாக வந்தார்.

மரத்தில் கட்டிய ஃபோக்போட்டில் பலகைகள் ஓட்டுக்கூரை அடுக்குப்போல ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். இந்தப் பாணியில் முதலில் பலகைகளைச் சேர்த்து படகின் வெளி ஓடு முழுவதையும் உருவாக்கிவிட்டு, பிறகுதான் ஓக் மர வங்குகளை ஆவியில் இளக்கி உள்ளே அழுத்தி வைப்பார்கள். பலத்தில் பெரும்பங்கு ஓட்டுக்குச் சொந்தம். வங்கின் வேலை அந்த ஓட்டோடு சேர்ந்து வளைந்து கொடுத்து, பலகைகள் நெடுக்கே பிளந்துவிடாமல் பிடித்துக்கொள்வது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள மூன்று வழிகளில் எது எங்கே பொருந்தும் என்பது பாதி விளங்கிவிடும். பக்கத்து வங்குகளைவிட விறைப்பாக ஒரே ஒரு வங்கை வைத்தால், அடுத்த விரிசல் அதன் நுனியிலோ பக்கத்து வங்கிலோதான் வரும்.

துணை வங்கு

உடைந்ததை அப்படியே விட்டுவிட்டு, ஒட்டினாற்போல் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது. மலிவு, வேகம், உள்ளே எதையும் பெரிதாகக் கழற்ற வேண்டாம். பழைய படகுகளில் அதிகம் கண்ணில் படுவதும் இதுதான், மோசமாகச் செய்யப்பட்டிருப்பதும் இதுதான்.

முதல் சிக்கல் துளைகள். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பில் ஏற்கெனவே செப்பு ரிவிட்கள் போயிருக்கின்றன. துணை வங்குக்கு அதே விளிம்பில் விரலளவு தள்ளி இன்னொரு துளை போட வேண்டும். ஒவ்வொரு பலகையிலும் இப்படிப் போட்டால் விளிம்பு பலவீனப்படும். இரண்டாவது சிக்கல் ஈரம். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தண்ணீர் இறங்கினால் காயாது, அங்கேதான் உளுக்கத் தொடங்கும். ஆகவே முற்றிலும் ஒட்டி வைக்காமல் காற்றுப்புக இடைவெளி விட்டு வைப்பது மேல்.

நுனிகள் விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். விரிசலுக்கு மேலும் கீழும் ஒரு சாண் நீளம் வைத்து, சதுரமாக வெட்டி நிறுத்திவிடுவார்கள். அந்த நுனியில் ஓடு திடீரென்று விறைப்பிலிருந்து இளக்கத்துக்கு மாறுகிறது. சில பருவங்களில் அங்கே பலகையே வெடிக்கும். நீளமாக வைத்து, நுனியைப் படிப்படியாக மெலியச் சீவி, பக்கத்துத் துணை வங்கு முடியும் அதே பலகையில் இது முடியாதபடி ஏற்ற இறக்கமாக நிறுத்த வேண்டும்.

ஆவியில் வளைத்த புது வங்கு

பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில், அதே துளைகளில், அதே மரத்தில் புதியதை வைப்பது. என் ஓட்டு இதற்குத்தான். பழைய வங்கு எப்படி வளைந்து கொடுத்ததோ அப்படியே இதுவும் வளைந்து கொடுக்கும்.

மரம் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. சூளையில் உலர்த்திய ஓக் இதற்கு உதவாது, வளைக்கும்போது படாரென்று உடையும். காற்றில் ஓரளவு உலர்ந்த, நெடுக்கே ஓடும் ரேகை பக்கவாட்டில் வழுகிப் போகாத கட்டை வேண்டும். ஆண்டு வளையங்கள் ஓட்டுக்கு இணையாக இருக்கும்படி திருப்பி வைத்தால் வளைவதும் எளிது, ஆணி இறங்கும்போது பிளக்கவும் செய்யாது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேர ஆவி என்பது படகுத் தச்சர்களின் பழைய கணக்கு. ஆவிப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அவகாசம் நொடிக்கணக்கில்தான். கையுறை போட்ட ஒருவர் ஓடிவந்து கொடுக்க, இன்னொருவர் கீழ்நுனியை ஏராக்கட்டையில், அதாவது படகின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்புக் கட்டையில், பொருத்தி, காலால் மிதித்து வளைவுக்குள் தள்ளி, கிளாம்ப் போட்டுவிட வேண்டும். தளமும் அறையும் ஏற்கெனவே இருக்கும் படகில் இந்த ஓட்டம் பல இடங்களில் நடக்காத காரியம். அதற்கு இப்போது வேறொரு உத்தி உண்டு. கட்டையைப் பாலித்தீன் உறைக்குள் போட்டு, படகுக்குள்ளேயே ஆவி செலுத்தி, சூடு குறையாமல் மெதுவாக வளைப்பது.

ரிவிட் அடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து சதுரச் செப்பு ஆணியை அடித்து இறக்கி, உள்ளே எட்டிப் பார்க்கும் முனையில் குழிந்த செப்பு வட்டை ஏற்றி, மிச்சத்தைக் கொஞ்சம் விட்டு வெட்டி, சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டிக் குமிழாக்க வேண்டும். வெளியில் இருப்பவர் கனமான இரும்புக் கட்டியை ஆணித் தலையில் அழுத்திப் பிடித்தபடியே இருப்பார். பலமாக அடித்தால் ஆணி மரத்துக்குள்ளேயே கோணிக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. இன்னொன்று, வங்கு பலகையை முழுதாகத் தொடாது; பலகைகள் ஏறும் விளிம்புகளில் மட்டும்தான் தொடும். நடுவில் இருக்கும் முக்கோண இடைவெளியை மூடிவிடலாம் என்று ரிவிட்டை இறுக்கினால் பலகை பிளக்கும்.

எல்லா வங்குகளையும் ஒரே நாளில் பிடுங்கிவிட வேண்டாம். ஓடு வடிவம் இழந்துவிடும். விட்டுவிட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

அடுக்கி ஒட்டிய வங்கு

மூன்று நான்கு மில்லிமீட்டர் மெல்லிய சட்டங்களைப் பசை தடவி அடுக்கி, அச்சில் வளைத்து இறுக்குவது. ஆவி வேண்டாம், அவசரம் வேண்டாம், தனியாளாகவே செய்யலாம். எவ்வளவு கடும் வளைவுக்கும் பணியும். இறுகிய பிறகு வளைவு விரியாது என்றே சொல்லலாம்.

ஆனால் ஓக்கும் எப்பாக்சிப் பசையும் நல்ல ஜோடி இல்லை. ஓக் அடர்த்தியான, டானின் அமிலம் நிறைந்த மரம். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். படகின் அடிவயிறு எப்போதும் நனைந்தே கிடக்கும் இடம். பசைக்கோடு விட்டுப்போன ஓக் அடுக்குகளைப் பற்றிப் புலம்பல்கள் நிறைய. ரெசார்சினால் பசை ஓக்கோடு நம்பகமானது, ஆனால் அதற்கு இடைவெளியே இல்லாத இணைப்பும், பலமான இறுக்கமும், வெதுவெதுப்பான பட்டறையும் வேண்டும். பால்டிக் கரைக் குளிர்காலக் கொட்டகையில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? லார்ச் போன்ற மரத்துக்கு மாறினால் எப்பாக்சி நன்றாகப் பிடிக்கும், ஆனால் அளவைத் திரும்பக் கணக்கிட வேண்டிவரும்.

வெளியே ஃபைபர்கிளாஸ் போர்த்திவிடலாம் என்று நான்காவதாக ஒரு யோசனை அவ்வப்போது வரும். ஏறி இறங்கும் பலகை விளிம்புகளில் அது ஒழுங்காக உட்காராது. உள்ளே மரம் உப்பும், ஈரம் சிறைப்படும். படகை விற்றுத் தள்ளுவதற்குச் செய்கிற வேலை அது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் வங்கு ஏன் உடைந்தது என்று பாருங்கள். பாய்மரக் கம்பிகளை வீணை நரம்பாய் முறுக்கி வைத்திருந்தால் அதுவே போதும். ஏராக்கட்டைக்குக் குறுக்கே இருக்கும் அடிக்கட்டைகள் உளுத்திருந்தாலோ, இரும்பைத் தாங்கும் போல்ட்டுகள் துருவில் மெலிந்திருந்தாலோ, அந்தச் சுமை முழுக்க வங்குகள் தலையில்தான் விழும். போல்ட் அரிப்பது பெரும்பாலும் மரமும் இரும்பும் சேரும் மட்டத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒன்றையாவது உருவிப் பார்த்தால்தான் உண்டு.

அது சரியாக இருந்தால் கணக்கு எளிது. நடுப்பகுதியில், இரு நுனியும் கைக்கு எட்டும் வங்குகளுக்கு ஆவி. வளைவு இரட்டையாய்த் திரும்பி, இருக்கைகளுக்கும் அறைகளுக்கும் பின்னால் ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டுக்கு அடுக்கி ஒட்டுவது, அதுவும் ஓக்கைத் தவிர்த்து. துணை வங்கு, இந்தக் கோடையை ஓட்டிவிட்டு இலையுதிர்காலத்தில் முறையாகச் செய்கிறேன் என்பவருக்கு. அப்படிச் சொன்னவர்கள் இலையுதிர்காலத்தில் திரும்பி வந்ததை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.