லைப்சிக்கில் ஆறு டிசம்பர்: முதுகுக்குப் பின்னால் ஒரு கச்சேரி

வேலை கிடைத்து ஜெர்மனியின் லைப்சிக் வந்து இது ஏழாவது குளிர்காலம். போன ஆறு டிசம்பரிலும் தாமஸ் தேவாலயத்தில், இசையமைப்பாளர் பாக்கின் கிறிஸ்துமஸ் ஓரடோரியோவை, அதாவது பைபிள் கதையைச் சொல்லும் நீண்ட இசைப் படைப்பைக் கேட்டுவிட்டேன். அதில் இரண்டு தடவை தப்பான இடத்துக்கு டிக்கெட் வாங்கினேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வருஷம் பலிபீடத்துக்குப் பக்கத்தில், முன்வரிசையாகப் பார்த்து வாங்கினேன். பாக்கின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. ஆனால் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் எதிர்ப்பக்கம், மேற்கு மேல்மாடத்தில் இருந்தார்கள். பாக் கண்ணெதிரே, பாட்டு முதுகுக்குப் பின்னால். சரி, அடுத்த வருஷம் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது, அது இன்னொரு கதை. இப்போதெல்லாம் பக்கவாட்டு மேல்மாடம், இல்லையென்றால் எதுவும் தெரியாத மலிவான இடம். கண்ணை மூடிக்கொண்டால் இரண்டும் ஒன்றுதான்.

இந்த ஓரடோரியோ ஆறு பகுதிகள் கொண்டது. 1734 டிசம்பர் 25 தொடங்கி 1735 ஜனவரி 6 வரை ஆறு நாள் வழிபாடுகளில் நாளுக்கொரு பகுதியாகத்தான் பாக் இதை இதே ஊரில் நடத்தினார். இன்று பெரும்பாலும் முதல் மூன்று பகுதிகளை ஒரே மாலையில் முடித்துவிடுகிறார்கள். கூட்டம் அதற்குத்தான் அலைமோதும். என்னைக் கேட்டால், நான்கு முதல் ஆறு வரை பாடும் மாலை கிடைத்தால் விடாதீர்கள். நான்காம் பகுதியில் சோப்ரானோ, அதாவது உச்சக் குரல், கேள்வி கேட்க, எங்கிருந்தோ இன்னொரு குரல் எதிரொலியாகப் பதில் சொல்லும். எங்கிருந்து வருகிறது என்று ஆறு வருஷமாகத் தேடுகிறேன்.

முதல் பகுதியின் ஆரம்பத்தில் டிம்பனி என்ற பெரிய முரசு தனியாக ஐந்து அடி அடிக்கும். முதல் தடவை தூக்கிவாரிப் போட்டது. காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்த மெட்டு 1733இல் ஒரு ராணியின் பிறந்தநாளுக்காகப் போட்டது, அந்தப் பழைய பாட்டின் முதல் வார்த்தைகளே முரசுகளை முழங்கச் சொல்பவை. மெட்டை வைத்துக்கொண்டு வார்த்தையை மாற்றியிருக்கிறார்கள். இரண்டாம் பகுதியின் தாலாட்டு இன்னும் வேடிக்கை. அதே மெட்டை முன்பு பாக்கின் வேறொரு படைப்பில் சிற்றின்பம் என்ற பாத்திரம், கிரேக்கக் கதை வீரன் ஹெர்குலிஸை மயக்கப் பாடியிருக்கிறது! இது தெரிந்த பிறகு அந்தத் தாலாட்டில் குழந்தை தூங்குவதாக எனக்குத் தோன்றுவதே இல்லை.

குறைகளும் உண்டு. பெஞ்சு கட்டை மாதிரி இருக்கும். கல்தரையின் குளிர் காலணிக்குள் ஏறும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போடுங்கள். கோட்டைக் கழற்ற வேண்டாம். இருமல் மிட்டாயை உறை பிரித்தே பையில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சரசரப்புக்குத் திரும்பிப் பார்க்கிற பாட்டிகளின் பார்வை டிசம்பர் குளிரைவிட மோசம்.

ஒரு வருஷம் பேராசைப்பட்டு வேறோர் ஊரில் 'மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கிறிஸ்துமஸ் இசை' என்ற விளம்பரத்தை நம்பிப் போனேன். பெயர் வேண்டாம். எல்லாப் பாட்டிலும் இரண்டு நிமிடத் துண்டு, ஐம்பது நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். இங்கே கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு காசு.

காசு யோசிப்பவர்கள் தாமஸ் தேவாலயத்தில் வெள்ளி மாலை ஆறு மணிக்கும் சனி பிற்பகல் மூன்று மணிக்கும் நடக்கும் மோட்டெட்டுக்கு, அதாவது பாடகர் குழு பாடும் இசை வழிபாட்டுக்குப் போகலாம். நிகழ்ச்சித் தாளை வாங்கினால் அதுதான் நுழைவுச்சீட்டு, சில யூரோதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தில் வரிசை நீளும், சீக்கிரம் போங்கள். அது வழிபாடு, கைதட்டக் கூடாது. இரண்டாவது வருஷம் நான் மட்டும் தட்டினேன். அவ்வளவு பெரிய கட்டடத்தில் இரண்டு கை எழுப்பும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அங்கே பாடுவது 1212இலிருந்து வரும் பையன்கள் குழு. முதல் வருஷம் மோட்டெட் முடிந்து வெளியே வரும்போது, சோப்ரானோ பாடிய, கண்ணாடி போட்ட சின்னப் பையன் ஒருவனைப் பார்த்தேன். நடுவில் இரண்டு வருஷம் கண்ணில் படவில்லை. போன டிசம்பரில் பின்வரிசையில் நின்று பாஸ் என்ற அடிக்குரலில் பாடிக்கொண்டிருந்தான், என்னைவிட உயரம். இந்தத் தடவை வலப்பக்க மேல்மாடத்தில் டிக்கெட் எடுத்திருக்கிறேன், அங்கிருந்து பின்வரிசை தெரியும்.