இரைச்சலை ஐந்தே நிமிடத்தில் நிறுத்தியவர்

மெல்லிசைக் குழு நடத்துகிறவர்களும், மொட்டை மாடி அறையிலோ வாடகை அறையிலோ பயிற்சிக்கென ஒலிக் கருவிகளைப் பொருத்த நினைப்பவர்களும், யாரிடமாவது முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எங்களுக்கு ஏற்பட்ட பண இழப்பைக்கூட ஒருவகையில் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் கித்தார் கலைஞர் ஐந்து வாரங்களாக உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு இணைப்பின் முன் நின்று பாடிக்கொண்டிருந்தார் என்பதையும், அந்த ஆபத்தைக் கைதட்டிப் பாராட்டிக் கூலி கொடுத்து வாங்கியவர்கள் நாங்களே என்பதையும் நினைக்கும்போது இன்னும் மனம் ஆறவில்லை.

சென்னை சாலிகிராமத்தில் முதல் மாடியில் 12 அடிக்கு 18 அடி அளவுள்ள ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். அதுவரை மணிக்கணக்கில் காசு கொடுத்து மற்றவர்களுடைய ஸ்டுடியோக்களில் பயிற்சி செய்துவந்த எங்களுக்கு, ஆடி மாதத்து அம்மன் கோவில் கச்சேரிகள் தொடங்குவதற்குள் சொந்த இடம் வேண்டும் என்ற அவசரம் இருந்தது. பல ஒலிகளையும் ஒன்றாகக் கலக்கும் மிக்சரும், கித்தாரின் ஒலியைப் பெருக்கும் கித்தார் ஆம்ப்பும், மைக்குகளும் எங்களிடம் ஏற்கெனவே இருந்தன. பவர் ஆம்ப், இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், பாடுகிறவர்கள் தங்கள் ஒலியைக் கேட்பதற்கான இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர்கள், இவை அனைத்தையும் இணைக்கும் வயர்கள், கனெக்டர்கள், மின்சார இணைப்புப் பெட்டிகள் ஆகியவையே தேவைப்பட்டன.

இவற்றை வாங்கிப் பொருத்தித் தர, டிரம்ஸ் வாசிக்கும் தம்பியின் நண்பர் மூலமாக ஒருவர் வந்தார். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டி, எதிரொலியைக் காதுகொடுத்துக் கேட்டு, 'நல்ல ரூம்தான் அண்ணே' என்று தலையாட்டினார். அந்த ஒரு கைதட்டலிலேயே நாங்கள் விழுந்துவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது. எல்லாம் சுத்தமான காப்பர் வயர், மைக் வயர்கள் அனைத்தும் இரைச்சல் ஏறாத பேலன்ஸ்டு வகை, கனெக்டர்கள் வெளிநாட்டுத் தயாரிப்பு என்று வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பினார். மொத்தம் 1,18,000 ரூபாய். அதில் 80,000 ரூபாய் முன்பணம். பில் கேட்டபோது, பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும் என்றார். 21,240 ரூபாய் மிச்சமாகிறதே என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். அதில் எங்கள் பேராசைக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான்கு நாட்களில் வேலை முடிந்தது. சுவரோரமாக வயர்களை ஒழுங்காக வரிந்து கட்டியிருந்தார், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மிக்சரை ஆன் செய்து, கித்தார் ஆம்ப்பிலிருந்து மிக்சருக்கு ஒலியைக் கொண்டுவரும் லைன் வயரைச் செருகியதும் ஸ்பீக்கர்களிலிருந்து 'ம்ம்ம்' என்று தடித்த இரைச்சல் எழுந்தது. அவர் சற்றும் பதறவில்லை. கித்தார் ஆம்ப்புக்கென்று தாமே செய்துவந்திருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்து செருகினார். இரைச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, 'அது அனுபவம் அண்ணே' என்று சிரித்தார். மீதிப் பணத்தைக் கொடுத்ததோடு, பிரியாணியும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இரண்டாவது வாரத்தில் கித்தார் கலைஞருக்கு உதட்டில் சுரீரென்று அடித்தது. அவர்தான் இரண்டாம் குரலும் பாடுவார். கித்தார் கம்பிகளில் கை இருக்கும்போது மைக்கின் வலைமேல் உதடு பட்டால் ஷாக் அடித்தது. ஆனால் தினமும் அடிக்கவில்லை. சில நாட்களில் ஒன்றுமே இருக்காது, சில நாட்களில் உதறித் தள்ளும். அன்று மழை பெய்து தரை ஈரமாக இருந்ததால்தான் என்று நாங்களே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டோம். வேலை செய்தவரைத் தொலைபேசியில் கேட்டபோது, செருப்புப் போட்டுக்கொண்டு பாடச் சொல்லுங்கள் என்றார். எங்கள் கித்தார் கலைஞர் மூன்று வாரம் அப்படியே ரப்பர் செருப்போடு பாடினார் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் ஷாக் பலமாக அடித்து அவர் மைக் ஸ்டாண்டோடு சேர்ந்து சாய்ந்த பிறகுதான், ஒலிப்பதிவுக் கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை அழைத்துவந்தோம். அவர் ஸ்பீக்கரையோ மிக்சரையோ தொடவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கித்தார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் வைத்தார். கித்தார் ஆம்ப்பிலிருந்து மிக்சருக்குப் போகும் லைன் வயர் செருகியிருந்தபோது மீட்டரில் ஒன்றும் காட்டவில்லை. அந்த வயரைப் பிடுங்கியதும் 90 வோல்ட்டைத் தாண்டியது. பிறகு அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியின் மூன்று பின் பிளக்கைத் திருகிக் கழற்றினார். உள்ளே எர்த்துக்கான பச்சை வயர் வெட்டப்பட்டு, மடக்கி, கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது. வெளியில் மூன்று பின்களும் பளபளவென்றுதான் இருந்தன. ஐந்து நிமிட அனுபவம் அதுதான்.

பெரியவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மிக்சரும் பவர் ஆம்ப்பும் அறையின் ஒரு சுவரில் ஏசிக்காகப் போட்டிருந்த 16 ஆம்பியர் பிளக்கிலிருந்தும், கித்தார் ஆம்ப் எதிர்ச்சுவரில் இருந்த சாதாரண 6 ஆம்பியர் பிளக்கிலிருந்தும் மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் தனித்தனியாக எர்த் உண்டு. லைன் வயரை இணைத்ததும், அதன் மேலுறையாக இருக்கும் பின்னல் கம்பி வழியே அந்த இரண்டு எர்த்களும் சேர்ந்து அறை முழுவதையும் சுற்றிவரும் ஒரு வளையம் உண்டாகிறது. அந்த வளையத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டமும் அதன் மடங்குகளும்தான் அந்த 'ம்ம்ம்'. ஒரு பக்கத்து எர்த்தை வெட்டினால் வளையம் உடைந்து இரைச்சல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு கித்தார் ஆம்ப்புக்கு இருக்கும் ஒரே எர்த், அந்த மெல்லிய பின்னல் கம்பி மட்டுமே. அந்த வயரைச் செருகாமல் ஆம்ப்பை மட்டும் வைத்துப் பயிற்சி செய்த நாட்களில் அதுவும் கிடையாது. சில நாள் ஷாக் அடித்து, சில நாள் அடிக்காமல் போனதற்கு மழை காரணமில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஆம்ப்பின் டிரான்ஸ்பார்மரிலிருந்து கசியும் சிறிதளவு மின்சாரம் உதட்டைச் சுட்டதோடு நின்றது எங்கள் நல்ல காலம். அதே ஆம்ப்பில் மின்சாரம் வரும் பேஸ் (phase) வயர் கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டிருந்தால், 230 வோல்ட் முழுவதும் கித்தார் வயர் வழியே கித்தார் கம்பிக்கு வந்திருக்கும். எர்த் இல்லாததால் பியூஸும் போயிருக்காது. 1972-ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, முறையான எர்த் இல்லாத நிலையில் மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். இதை அன்று இரவு படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

இத்தனை தெரிந்த பிறகு மற்ற வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். மைக் வயர்களின் இரு முனைகளிலும் மூன்று பின் கேனன் கனெக்டர்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஓடியது ஒற்றைக் கம்பி. பேலன்ஸ்டு வயரில் பின்னல் மேலுறையைத் தவிர இரண்டு கம்பிகள் இருக்க வேண்டும்: மேலுறை 1-ஆம் பின்னிலும், குரல் 2-ஆம் பின்னிலும், அதே குரல் தலைகீழாக 3-ஆம் பின்னிலும் செல்லும். வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே மாதிரி படிவதால், மிக்சர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது அந்த இரைச்சல் அடிபட்டுப் போகிறது. எங்களுக்கு வேலை செய்தவரோ ஒற்றைக் கம்பியைப் போட்டுவிட்டு, 1-ஐயும் 3-ஐயும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துச் சால்டர் வைத்திருந்தார். கனெக்டரைத் திறக்காதவரை யாருக்கும் தெரியாது. தபேலாவுக்கு வைத்திருந்த கண்டென்சர் மைக் வந்த நாளிலிருந்தே சரியாக வேலை செய்யாமல் இருந்ததற்கும் இதுவே காரணம். அந்த மைக்குக்கு மிக்சர் அனுப்பும் 48 வோல்ட், 2, 3 ஆகிய இரண்டு பின்கள் வழியாகவும் போயாக வேண்டும். நாங்களோ மைக்தான் பழுது என்று அதை ரிப்பேருக்குக் கொடுத்து 1,400 ரூபாய் செலவழித்திருந்தோம்.

ஸ்பீக்கர்களுக்குப் போட்டிருந்தது கித்தாருக்குப் பயன்படும் மெல்லிய வயர். கித்தார் வயர், ஸ்பீக்கர் வயர் இரண்டின் முனையிலும் பி-38 ஜாக் என்ற ஒரே வகைச் செருகி இருப்பதால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பவர் ஆம்ப்பிலிருந்து வரும் மின்னோட்டத்துக்கு அந்த நடுக்கம்பி தாங்காது, சூடேறும், சத்தத்தின் ஒரு பகுதியையும் அதுவே தின்றுவிடும். ஒரு மணி நேரம் ஓடிய பின் கைவைத்துப் பார்த்தபோது வயர் வெதுவெதுவென்று இருந்தது. மின்சார வயரின் பிளாஸ்டிக் உறையைச் சீவிக் கம்பியைப் பிளேடால் சுரண்டினால், செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. அதே கனத்துச் செம்புக் கம்பியோடு ஒப்பிட்டால் மின்சாரத்தைக் கடத்தும் திறன் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. கையில் தூக்கினாலே எடை குறைவாக இருப்பது தெரியும்.

பெரியவர் இரைச்சலை எப்படி நிறுத்தினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய எர்த்தை முதலில் சேர்த்தார். கித்தார் ஆம்ப், மிக்சர் உட்பட எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சுவரின் ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் கொடுத்தார். கித்தார் ஆம்ப்பின் லைன் வயருக்கு நடுவில் டிஐ பாக்ஸ் என்ற, உள்ளே டிரான்ஸ்பார்மர் வைத்த ஒரு சிறு இணைப்புப் பெட்டியை வைத்தார். எர்த்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அதில் இருக்கிறது. அது இசை போகும் வழியில் மட்டுமே துண்டிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. வீட்டு உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, மின்சாரம் கசிந்தால் 30 மில்லியாம்பியரில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றையும் எலக்ட்ரீசியனை வைத்துப் போட்டோம். மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவில் வயர்களைச் சுரண்டிப் பார்த்து வாங்கி, மைக் வயர்களை எங்கள் முன்னாலேயே சால்டர் வைத்தார். எல்லாமாகச் சேர்த்து 34,000 ரூபாய் ஆனது. அவர் தம் கூலியாகக் கேட்டது அதில் 5,000 ரூபாய்தான்.

முதலாமவர் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தியபோது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தோம். பிறகு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பினோம். அதற்கு வந்த பதிலில், நாங்கள் காசு வாங்கிக்கொண்டு கச்சேரி செய்யும் வணிகக் குழு, ஆகவே நுகர்வோரே அல்ல என்று எழுதியிருந்தார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று விளக்கமே இருக்கிறது என்பதை எங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். பில் கொடுக்க மறுப்பதும் அதே சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கைதான். பில் இல்லாத எங்களுக்குக் கைகொடுத்தவை அந்த வாட்ஸ்அப் விலைப்பட்டியலும், யுபிஐ மூலம் பணம் அனுப்பிய பதிவுகளும், பிளக்கைத் திறந்தபோது எடுத்த படங்களும்தான். இரண்டாவது நோட்டீஸுக்குப் பிறகு 25,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். மீதிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும்.

நீங்கள் யாரையேனும் இந்த வேலைக்கு அமர்த்தினால், மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஏதாவது ஒரு மைக் கனெக்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஒரு வயரைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு பிளக்கையும் திறந்து பச்சை வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். இரைச்சல் வந்து, பிறகு நின்றுபோனால், எதைச் செய்ததால் நின்றது என்பதை உங்களுக்குப் புரியும்வரை கேளுங்கள். விளக்கம் தராமல் அனுபவம் என்று சிரிப்பவரிடம் பணத்தை நீட்டாதீர்கள்.

எங்கள் அறையில் இப்போதும் ஓர் இரைச்சல் இருக்கிறது. மின்விசிறியின் ரெகுலேட்டரை இரண்டிலோ மூன்றிலோ வைத்தால் கித்தாரில் 'சர்ர்' என்று கேட்கும். அதை என்ன செய்வது என்று பெரியவரிடம் கேட்டோம். ஐந்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தான் வைத்திருக்கிறோம்.