"நாங்களே ஓட்டிப் பார்த்த காட்டுப் பாதை" என்று ரூட் விற்கிறார்களா? வாங்கும் முன் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்

காட்டுக்குள் சைக்கிளில் போவதற்கு ரூட் போட்டுத் தருகிறோம், எல்லாமே நாங்கள் நேரில் ஓட்டிச் சரிபார்த்தவை என்று சொல்லி ஜிபிஎக்ஸ் கோப்பு (ஜிபிஎஸ் கருவியில் ஏற்றினால் போக வேண்டிய வழியைக் கோடாகக் காட்டும் கோப்பு) விற்கிற ஒருவர் எனக்கு விற்றது, யாரும் ஓட்டாத பாதை. கணினியில் உட்கார்ந்து வரைந்த கோடு அது. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். இருட்டுகிற நேரத்தில் சிக்னல் இல்லாத காட்டில், தண்ணீர் தீர்ந்துபோய், என்னுடன் வந்த நண்பரையும் வைத்துக்கொண்டு வழி தேடி நின்றதைத்தான் விட முடியவில்லை. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

விற்பனைக் குறிப்பில் இருந்தது இவ்வளவு: இரண்டு நாள் சுற்று, பெரும்பாலும் கெட்டியான மண் பாதை, 40 மில்லிமீட்டர் டயர் போட்ட கிராவல் சைக்கிள் (ஜல்லி, மண் பாதைக்கான சைக்கிள்) போதும், தண்ணீர் கிடைக்கும் இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன, கடந்த ஒரு வருடத்துக்குள் ஓட்டிச் சரிபார்க்கப்பட்டது.

முதல் நாள் மதியம் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை, அகலமான ஜல்லிப் பாதை, நல்ல நிழல். அப்புறம் கோடு அந்தப் பாதையிலிருந்து பிரிந்து சின்ன ட்ராக் ஒன்றில் நுழைந்தது. கொஞ்ச தூரத்தில் புல், அதற்குப் பிறகு வெட்டிப்போட்ட கிளைகள், கடைசியில் ஒரு சமதளத்தில் வந்து பாதையே முடிந்துவிட்டது. கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியில் மட்டும் கோடு நேராகப் புதருக்குள் போய், அந்தப் பக்கம் வேறொரு பாதையில் சேர்ந்தது. காட்டில் இருக்கும் ட்ராக்குகளில் பல, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதற்காகப் போட்டவை அல்ல, மரம் இழுத்து வருவதற்காகப் போட்டவை. இழுத்து வந்த மரங்களை அடுக்கி லாரியில் ஏற்றுகிற இடத்தோடு அவை நின்றுவிடும். அங்கே இருந்து மேலே வழி இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. இந்த ஒரு விஷயம், காட்டில் ஒரு தடவையாவது ஓட்டியவருக்குத் தெரியாமல் இருக்காது.

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தப் புதரைக் கடந்தோம். அடுத்ததாகப் பூட்டிய கேட், மரம் வெட்டும் வேலை நடக்கிறது, யாரும் உள்ளே வரக் கூடாது என்ற பலகை. வெட்டும் இயந்திரங்கள் ஓடுகிற இடத்தில் பலகையை மீறி நுழைவது உயிரோடு விளையாடுவது, ஆகவே சுற்றி வந்தோம். அந்தச் சுற்றில் நேரமும் தண்ணீரும் போனது. குறித்து வைத்திருந்த தண்ணீர் இடம் வெறும் காய்ந்த ஓடை. பிறகு வரைபடத்தில் பார்த்தால் அந்த ஓடை விட்டுவிட்டு வரைந்த நீலக் கோடாகத்தான் இருக்கிறது, அதாவது பருவத்தில் மட்டும் தண்ணீர் ஓடுவது. வரைபடத்தில் நீலம் தெரிந்த இடத்தில் எல்லாம் தண்ணீர்க் குறி போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

திரும்பி வந்து அவருக்கு எழுதினேன். "காடு மாறிக்கொண்டே இருக்கும், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று பதில். காடு மாறும் என்பது உண்மைதான். மரம் வெட்டுவார்கள், மழையில் பாதை அரித்துப் போகும், ஒரு புயலில் பத்து மரம் குறுக்கே விழும். ஆனால் பாதை முடிந்த அந்தச் சமதளத்தில் மணிக்கட்டுப் பருமனுக்கு இளமரங்கள் நிற்கின்றன. ஒரு வருடத்துக்குள் யாரும் அந்த வழியாகச் சைக்கிள் ஓட்டியிருக்க முடியாது. அந்தப் படங்களை அனுப்பியதும் பதில் நின்றுவிட்டது. நான் எழுதிய விமர்சனமும் அவர் பக்கத்திலிருந்து காணாமல் போனது.

சரி, கோப்புக்கு வருகிறேன். முக்கியமானது இதுதான். ஜிபிஎக்ஸ் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த எழுத்துத் திருத்தியிலும் திறக்கலாம். உள்ளே புள்ளி புள்ளியாக அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் இருக்கும். சைக்கிளில் கருவியை மாட்டி உண்மையாக ஓட்டிப் பதிவு செய்த கோப்பு என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் தேதியும் நேரமும் இருக்கும். நான் வாங்கியதில் ஒரு புள்ளிக்குக்கூட நேரம் இல்லை. இதை மட்டும் வைத்து யாரையும் பொய்யர் என்று சொல்லிவிடக் கூடாது, ஏனென்றால் தன் நடமாட்டம் வெளியே தெரிய வேண்டாம் என்று நேரத்தை நீக்கிவிட்டுப் பகிர்கிறவர்கள் இருக்கிறார்கள், சில தளங்களும் பதிவிறக்கும்போது அதை எடுத்துவிடும். ஆனால் அப்படிப்பட்டவரிடம் மூலப் பதிவைக் கேட்டால் அவரால் காட்ட முடியும்.

நேரம் இல்லாவிட்டாலும் புள்ளிகள் காட்டிக்கொடுக்கும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே செயற்கைக்கோள் சமிக்ஞை இலைகளிலும் தண்டுகளிலும் மோதித் திரும்பித் தாமதமாக வருவதால் பதிவான கோடு பாதைக்கு இடமும் வலமுமாகச் சில மீட்டர்கள் அலையும். ஓய்வெடுத்த இடத்தில் புள்ளிகள் கொத்தாகக் குவிந்திருக்கும். போன வழியிலேயே திரும்பி வந்திருந்தால் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவே பொருந்தாது. என் கோப்பில் கோடு ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் இருக்கும் பாதையின்மேல் ஒரு மீட்டர்கூட விலகாமல் படிந்திருந்தது, நேரான இடங்களில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூறு மீட்டருக்கும் மேல் இடைவெளி, போய்த் திரும்புகிற பகுதியில் இரண்டு கோடுகளும் அப்படியே ஒன்று. வழி கண்டுபிடிக்கும் மென்பொருளில் நான்கு இடங்களைத் தொட்டால் கிடைப்பது இப்படித்தான் இருக்கும். நேரத்தைப் போலியாகச் சேர்த்து விற்கவும் முடியும். அப்போது வேகத்தைப் பாருங்கள். ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே வேகம் என்றால் அது மனிதன் ஓட்டியது இல்லை.

மென்பொருள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் கட்டி எழுப்பிய அருமையான வரைபடம், காட்டுப் பாதைகளுக்கு அதைவிட நல்லது பல இடங்களில் கிடைக்காது. ட்ராக் என்றால் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்ல கிரேடு 1 முதல் 5 வரை அதில் வகை உண்டு, 1 என்றால் கெட்டியான தளம், 5 என்றால் புல்லும் மெத்தென்ற மண்ணும். மலைச் சைக்கிள் பாதைகளுக்கு 0 முதல் 6 வரை தனியாகக் கடின அளவு இருக்கிறது. ஆனால் யாராவது நேரில் போய்க் குறித்தால்தானே இதெல்லாம் இருக்கும்? காட்டுக்குள் நிறைய ட்ராக்குகள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தவை, வகையும் இல்லை, அனுமதி விவரமும் இல்லை. மென்பொருளோ அந்த இடைவெளியைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு, இரண்டு கோடுகள் ஒட்டியிருந்தால் போகலாம் என்று சொல்லிவிடும். அதை நேரில் போய்ப் பார்ப்பதற்குத்தான் காசு கேட்கிறார்கள், அந்த வேலையைத்தான் செய்யவில்லை.

உயர வரைபடமும் அப்படியே. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் அதிகம் புழங்குவது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் மூலம் அளந்தது. அதில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். 20 மீட்டர் நீளத்தில் 4 மீட்டர் ஏறுகிற மேடு, அதாவது 20 சதவீதச் சரிவு, அந்தச் சல்லடையில் தடயமில்லாமல் போய்விடும். அதோடு காட்டில் ரேடார் தரையைத் தொடாமல் மரத்தின் மேல்பகுதியிலிருந்தே பெருமளவு திரும்பிவிடுவதால், திறந்தவெளியிலிருந்து காட்டுக்குள் நுழையும் இடத்தில் இல்லாத ஏற்றம் தெரியும். விற்பனைக் குறிப்பில் "மிதமான ஏற்றம்" என்று இருந்த இடத்தில் நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனோம். உண்மையாக ஓட்டியவர் அந்த இடத்தை நிச்சயம் எழுதியிருப்பார்.

விற்பவரிடம் கேளுங்கள்: எந்த மாதம் ஓட்டினீர்கள், மூலப் பதிவு எங்கே, இந்தச் சந்திப்பில் எடுத்த படம் இருக்கிறதா? சந்திப்பை நீங்கள் தேர்ந்தெடுங்கள், அவர் தேர்ந்தெடுக்க விடாதீர்கள், முக்கியமாகப் பெரிய பாதையிலிருந்து சின்ன ட்ராக் பிரிகிற இடத்தைக் கேளுங்கள். ஓட்டியவருக்கு அங்கே கேட் இருந்ததா, சேறு எப்படி என்பது படம் இல்லாமலே நினைவிருக்கும்.

அவர் என்ன சொன்னாலும் நீங்களும் சரிபார்க்கலாம், காசு செலவில்லை. ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப்பில் (பயனர்கள் போன வழிகளைத் திரட்டிக் காட்டும் வரைபடம்) சைக்கிளை மட்டும் தேர்ந்து பார்த்தால், ஆட்கள் ஓட்டிய பாதை வெளிச்சமாகவும் யாரும் போகாதது இருட்டாகவும் தெரியும். நடப்பவர்கள் கோடும் கலந்திருந்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஆகவே அந்தத் தேர்வு முக்கியம். மரம் வெட்டியிருக்கிறார்களா என்பதற்கு சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்கள் இருக்கின்றன. 2015 முதல் வருகின்றன, 10 மீட்டர் அளவு வரை தெரியும், மேகம் இல்லாவிட்டால் சில நாளுக்கு ஒரு புதுப் படம் இலவசம். பாதை அளவுக்கு நுணுக்கமாகத் தெரியாது, ஆனால் காட்டின் ஒரு துண்டு மொட்டையாகிக் கிடப்பது நன்றாகவே தெரியும். கடைசியாக அந்தக் காட்டைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு ஒரு போன். எந்தப் பகுதி மூடியிருக்கிறது, சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று எந்தச் செயலியையும்விட அவர்களுக்குத்தான் தெரியும். நான் பிறகு பேசியபோது ஐந்து நிமிடத்தில் சொன்னார்கள்.

இன்னொன்று. ஜிபிஎக்ஸ் கோப்பில் கோட்டைச் சேமிக்க ட்ராக், ரூட் என்று இரண்டு வகை உண்டு (இந்த ட்ராக் காட்டு ட்ராக் அல்ல). ட்ராக் முழுக் கோடு, ரூட் வகையில் சில புள்ளிகள் மட்டும் இருக்கலாம், இடையில் எப்படிப் போவது என்பதைக் கருவியே தன் வரைபடத்தை வைத்து முடிவு செய்யும். நீங்கள் கணினியில் பார்த்த வழியும் காட்டில் கருவி காட்டும் வழியும் வேறாகிவிடும். வாங்கிய கோப்பு எந்த வகை என்று பாருங்கள், தானாக வழியை மாற்றும் அமைப்பையும் கருவியில் அணைத்துவிடுங்கள்.

கார்டில் பணம் கட்டியிருந்ததால் வங்கியில் எதிர்ப்பு தெரிவித்திருக்கிறேன். கோப்பில் நேரம் இல்லாததையும், இளமரங்களின் படத்தையும், "ஓட்டிச் சரிபார்த்தது" என்ற விற்பனைக் குறிப்பையும் சேர்த்து அனுப்பினேன். இதே மாதிரி மாட்டியவர்கள் விற்பனைப் பக்கத்தை உடனே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், என் புகாருக்குப் பிறகு அந்த வாசகத்தையே மாற்றிவிட்டார்.

பாதை முடிகிற இடத்தையும் கேட்டையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்திவிட்டேன், இனி புதிதாக ரூட் போடுகிறவர்களை மென்பொருள் அந்தப் பக்கம் அனுப்பாது. ஏற்கெனவே விற்ற கோப்புகளில் அந்தத் திருத்தம் போய்ச் சேராது. "ஓட்டிச் சரிபார்த்த இரண்டு நாள் சுற்று" என்று ஒரு கோப்பு உங்களிடம் இருந்தால், அதில் நேரம் இல்லாமல் புள்ளிகள் வரைபடத்தின்மேல் அச்சாகப் படிந்திருந்தால், தயவுசெய்து புறப்படுவதற்கு முன் மேலே சொன்னபடி ஒருமுறை பாருங்கள், உங்களுடன் வருகிறவர்களிடமும் சொல்லுங்கள்.