சன்கோல்டு கிவி: பறித்தவனின் மதிப்பீடு

நியூசிலாந்தின் தே புக்கேயில் கொடிப்பந்தலுக்கடியில் கிவி பறித்தவன் நான். இன்றும் கடையில் சன்கோல்டைத்தான் தேடி வாங்குகிறேன். ரோமமில்லாத மெல்லிய தோல், மஞ்சள் சதை, ஹேவார்டு பச்சைக் கிவியைவிடக் குறைந்த புளிப்பு. பிள்ளைகள் கரண்டியால் சுரண்டித் தீர்த்துவிடுகிறார்கள்.

2010இல் வந்த பிஎஸ்ஏ பாக்டீரியா நோய், ஹார்ட்16ஏ என்னும் பழைய தங்க ரகத்தைச் சூறையாடியது. வெட்டிய கொடிகளில் இந்தப் புதிய ரகத்தை ஒட்டுக்கட்டித்தான் தோட்டக்காரர்கள் மீண்டார்கள். ஹெக்டேருக்குப் பச்சையைவிட அதிக விளைச்சல், ஏற்றுமதியில் நல்ல விலை. ஆனால் பயிரிடும் உரிமத்துக்கே பெருந்தொகை கட்ட வேண்டும். சிறு விவசாயிக்கு அது மிகப் பெரிய சுமை என்பேன்.

வாங்கும்போது கல்லாக இருந்தால் வாழைப்பழத்தோடு பையில் மூடி வையுங்கள், சீக்கிரம் கனியும்.