சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு நகைக்கடனா, ஆப் கடனா?

உணவு டெலிவரி ஓட்டும் பையனுக்கு வண்டி இன்ஜின் போய்விட்டது. மெக்கானிக் பத்தாயிரம் கேட்கிறார். பேங்கில் சம்பளச் சீட்டு கேட்பார்கள். இவனிடம் இருப்பதோ வாராவாரம் மாறும் வரவு.

ஆப் கடனுக்கு ஆதார், பான், ஒரு செல்ஃபி போதும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 10,000 ரூபாய்க்கு 800 பிராசஸிங் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 144 என்று பிடித்தால் கைக்கு வருவது 9,056. வட்டி மட்டும் முழுப் பத்தாயிரத்துக்கும்! 'மாதம் 3 சதவீதம்தான்' என்பார்கள். அது வருடத்துக்கு 36. தவணை தவறினால் அபராதம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணிலும் அடி. 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு விகிதத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும், போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக் கூடாது. அந்த அனுமதி கேட்கிற ஆப்பை அப்போதே அழித்துவிடுங்கள்.

நகைக்கடனில் இந்தத் தொல்லை குறைவு. உரைத்துப் பார்த்து, எடை போட்டு, பணம். கூட்டுறவு சங்கத்தில் வட்டி குறைவு. அடகுக் கடையில் ஒன்றரை வட்டி என்றாலும் வருடம் 18தான். சிக்கல் என்னவென்றால், நகை பெரும்பாலும் அம்மாவுடையது. கம்மலின் திருகாணியை அவர் கழற்றும்போது பார்க்க முடியாது. கெடு தாண்டினால் ஏலம் வேறு.

என் ஓட்டு நகைக்குத்தான். மீட்கும் தேதியை அம்மாவிடமே சொல்லி வையுங்கள், விடாமல் ஞாபகப்படுத்துவார். வீட்டில் பொட்டுத் தங்கமும் இல்லையா? சரி, ஆப்தான், கடன் தரும் நிறுவனம் ரிசர்வ் வங்கியில் பதிவானதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.