பாலைவன முகாம்: வண்டிக் கூரையில் கூடாரமா, மணலில் கூடாரமா?

பதின்வயதுப் பிள்ளையோடு பாலைவனத்துக்குள் வண்டி ஓட்டிப் போய்த் தங்கத் திட்டமா? இரவு எங்கே படுப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற பல விஷயங்கள் அதைப் பொறுத்தே அமையும்.

கூரைக் கூடாரத்தில் வசதி அதிகம். சில நிமிடங்களில் விரிந்துவிடும், மெத்தையும் உள்ளேயே இருக்கும், தேள், பாம்பு பற்றிய கவலையும் குறைவு. ஆனால் எடை பெரும்பாலும் 50 கிலோவுக்கு மேல். அது உச்சியில் உட்காருவதால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்கிறது. மணல்மேட்டுச் சரிவில் குறுக்காக ஓட்டும்போது கவிழும் ஆபத்து கூடும். ஓடும் வண்டியின் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று கையேட்டில் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். அப்புறம், கூடாரத்தை மடிக்காமல் வண்டியை நகர்த்தவும் முடியாது.

தரைக் கூடாரம் மலிவு, எடையும் குறைவு. சிக்கல் காற்றுதான். சாதாரண முளைகள் தளர்ந்த மணலில் நிற்காது. பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஆழமாகப் புதைத்தால் பிடிப்பு கிடைக்கும். இந்த வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். இந்த வயதுப் பிள்ளைகள் நன்றாகவே செய்வார்கள். தரையில் தேள் பயமும் உண்டு, அதனால் காலையில் காலணியை உதறிவிட்டு மாட்டிக்கொள்ளும் பழக்கம் அவசியம்.

என் தேர்வு, தரையில் இரண்டு சிறிய கூடாரங்கள். 15 வயதில் தனக்கென்று ஓர் இடம் இருப்பது பெரிய விஷயம். பகலெல்லாம் ஒரே வண்டிக்குள் அடைந்து கிடந்த இருவருக்குமே அந்த இடைவெளி தேவை. எதுவானாலும் சரி, வறண்ட ஓடைப்படுகையில் மட்டும் தங்காதீர்கள். எங்கோ தொலைவில் பெய்த மழை அங்கே திடீர் வெள்ளமாக வந்துவிடும்.