பழைய கேம்கார்டர் பதிவுகள்: எச்.264-ஆ, எச்.265-ஆ, ஏவி1-ஆ?

மினிடிவி கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றிய ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கும். அந்த ஃபார்மட் ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாகத்தான் சுருக்குகிறது. முந்தைய ஃபிரேமில் இருந்ததே அடுத்ததிலும் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆகவே தலைப்பில் உள்ள மூன்றில் எந்தப் புதிய கோடெக்கை (வீடியோவைச் சுருக்கும் முறையை) போட்டாலும் அளவு மளமளவென்று இறங்கும். எச்.264-இல் 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) கொடுத்தாலே மணிக்கு இரண்டேகால் ஜிபிதான்.

2006-இல் சோனியும் பானாசோனிக்கும் கொண்டுவந்த ஏவிசிஎச்டி என்ற எச்டி ஃபார்மட்டில் பதியும் கேமரா என்றால் கதையே வேறு. அது தரும் எம்டிஎஸ் கோப்புக்குள் இருப்பதே எச்.264. அதை மறுபடி எச்.264 ஆக்குவது வெட்டி வேலை, தரமும் கொஞ்சம் போகும். டிவியில் ஓடவில்லை என்பதுதான் தொல்லை என்றால், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் ரீ-என்கோட் செய்யாமல் (மறுபடி சுருக்காமல்) எம்பி4-க்கு மாற்றிப் பாருங்கள். நீளமான ஷாட்டுகள் கார்டில் பல துண்டாக இருக்கும். அவற்றை முதலில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இனி போட்டிக்கு வருவோம். 2013-இல் வந்த எச்.265, "பாதி அளவு, அதே தரம்" என்று பெயர் வாங்கியது. 4கே-யில் அது பெருமளவு உண்மை. 720க்கு 576 புள்ளிகள் கொண்ட, 'பால்' (PAL) டிவி முறைக் கேசட் படத்தில் அவ்வளவு லாபம் கிடைக்காது. பெரிய சீரான பரப்புகளைப் பெரிய கட்டங்களாகச் சுருக்குவது அதன் பலங்களில் ஒன்று. கேசட் படத்தில் அப்படிப்பட்ட பரப்பு குறைவு, இருட்டு மண்டபத்தில் எடுத்ததென்றால் புள்ளிப் புள்ளியாய் இரைச்சல் வேறு. 2018-இன் ஏவி1 இன்னும் சிறிதாக்கும், ராயல்டியும் கிடையாது. ஆனால் ஐபோனில் அதற்கான ஹார்டுவேர் 15 ப்ரோவில்தான் முதலில் வந்தது. பெரியம்மா வீட்டுப் பழைய டிவியில் பென்டிரைவ் செருகிப் பார்ப்பதற்கு எச்.264-ஐ விட்டால் நம்பகமான வழி இல்லை.

கோடெக்கைவிடப் பெரிய விஷயம் இன்டர்லேஸ். கேசட்டில் நொடிக்கு 50 ஃபீல்டுகள், அதாவது பாதி வரிகள் மட்டும் கொண்ட படங்கள். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். அப்படியே மாற்றிவிட்டால், தவில் அடிக்கும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். எச்.264-இல் இன்டர்லேஸாகவே வைக்க நல்ல வசதி உண்டு. ஏவி1-இல் அதற்கான கருவியே கிடையாது, எச்.265-இலும் பெயரளவுக்குத்தான். அந்த இரண்டுக்கும் போகிறவர் டீஇன்டர்லேஸ் செய்தே, அதாவது ஃபீல்டுகளை முழு ஃபிரேம்களாக மாற்றியே ஆக வேண்டும்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றி மென்பொருளில் அதைச் செய்யும்போது, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு ஃபிரேமாக்கும் 'பாப்' முறையைத் தேர்ந்து, ஃபிரேம் ரேட்டை மூலத்தின்படியே விடுங்கள். நொடிக்கு 50 முழு ஃபிரேம் வரும். பெயர் 30 என்று முடியும் பிரீசெட் (தயார் அமைப்பு) அந்த வழவழப்பான அசைவைக் கெடுத்துவிடும். பலரும் அதையே சொடுக்கிவிட்டு "எச்.265 சரியில்லை" என்கிறார்கள், பாவம் கோடெக்.

மினிடிவிக்கு என் ஓட்டு எச்.264, ஆர்எஃப் 18 (தர அளவு; எண் குறைந்தால் தரம் கூடும்), என்கோடர் வேகத்துக்கான பிரீசெட் ஸ்லோ. 1080 ஏவிசிஎச்டி குவிந்து ஹார்டு டிஸ்க் நிரம்பி வழிந்தால் மட்டும் எச்.265, ஆர்எஃப் 20. கிராபிக்ஸ் கார்டு என்கோடர் வேகமானதுதான், ஆனால் அதே தரத்துக்குப் பெரும்பாலும் கோப்பு பெரிதாகும். ராத்திரி முழுக்க சிபியு ஓடட்டும், அவசரம் ஒன்றுமில்லை. மூலக் கோப்பை அழிப்பதற்கு முன், மாற்றியதை டிவியில் கடைசி வரை ஓட்டி, சத்தம் உதட்டசைவோடு ஒட்டி வருகிறதா என்று பாருங்கள்.